கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் அணியிடம் கோல் அடிக்க: கோச்சுகளுக்கு ஒரு வழிகாட்டி

குறுவட்டப் போட்டியில் இரண்டு ஆட்டம் நன்றாக ஆடிவிட்டால் போதும், உங்கள் அணியைப் பற்றிய பேச்சு பக்கத்து ஊர்களுக்கும் போய்விடும். மூன்றாவது ஆட்டத்துக்கு வரும் அணி ஆட வராது, தடுக்க வரும். பத்துப் பேரும் தங்கள் பாக்ஸுக்குள்ளும் அதன் விளிம்பிலும் நின்றுகொள்வார்கள். பந்து காலுக்கு வந்தால் எங்கே போகிறதென்றுகூடப் பார்க்காமல் உதைத்துத் தள்ளுவார்கள். கோல் இல்லாமல் முடித்துவிட்டுப் பெனால்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பே இல்லை. தன் பையன்களின் பலத்தையும் உங்கள் பையன்களின் பலத்தையும் எடைபோட்டு அவர்களுடைய மாஸ்டர் எடுத்த முடிவு அது.

அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நிற்கும் நம்மில் பலர் செய்வது கத்துவதுதான். "அடிடா! ஷூட் பண்ணுடா! எல்லாரும் மேல ஏறுங்கடா!" பையன்களும் ஏறுவார்கள். ஏற்கெனவே பத்துப் பேர் நிற்கும் இடத்துக்குள் இன்னும் எட்டுப் பேர் போய் நின்றுகொள்வார்கள். அதற்குப் பிறகு பந்து நுழைய இடம் எங்கே?

கீரப்பாளையம் ஒன்றியத்திலும், சிதம்பரம், புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கங்களிலும் பள்ளி அணியையோ ஊர் கிளப்பையோ நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களையும், ஆடி முடித்துவிட்டுக் கோச் வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். நெருங்கி நிற்கும் தடுப்பைப் பிரிப்பது பந்து காலில் இல்லாதவர்களின் ஓட்டம். அந்த ஓட்டத்தை ஆட்டத்தன்று கத்தி வரவழைக்க முடியாது. வாரம் முழுக்கப் பழக்கியிருக்க வேண்டும்.

ஆயிரம் பாஸ், பூஜ்யம் கோல்

உலகக் கோப்பையிலேயே இதைப் பார்த்தோம். 2018 ஜூலை 1, மாஸ்கோ. ரஷ்யா தன் பாதியை விட்டு வெளியே வரவே விரும்பவில்லை. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ் கொடுத்தது. கிடைத்த ஒரே கோலும் ரஷ்யத் தடுப்பு வீரர் மீது பட்டுப்போன சொந்த கோல். ஆட்டம் 1-1 ஆகி, பெனால்டியில் ரஷ்யா வென்றது. நான்கு ஆண்டு கழித்துக் கத்தாரில் மொராக்கோவுக்கு எதிராகவும் அதே ஸ்பெயின், அதே ஆயிரம் பாஸ். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் அடித்த மூன்றையும் கோட்டைவிட்டார்கள்.

உலகின் மிகத் திறமையான கால்களுக்கே இந்த நிலை என்றால், பந்து நம்மிடம்தான் இருந்தது என்று ஆட்டம் முடிந்தபின் நாம் சொல்லிக்கொள்வதில் ஆறுதல் எதுவும் இல்லை. தடுப்பு வீரர்களுக்கு முன்னால் பக்கவாட்டில் உருட்டப்படும் பந்து அவர்களுக்கு ஓய்வு. முகம் நம்மைப் பார்த்தபடி, முதுகு கோலைப் பார்த்தபடி, இரண்டடி வலம் இரண்டடி இடம் நகர்ந்தால் போதும். அவர்களைத் திரும்பி ஓட வைக்காத பாஸ் எத்தனை கொடுத்தாலும் பயனில்லை.

நம் தேசிய அணி இரண்டு பக்கத்தையும் ஐந்தே வாரத்தில் அனுபவித்தது. 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில், அந்த ஆண்டின் ஆசிய சாம்பியனான கத்தாரை இந்தியா 0-0 என்று நிறுத்தியது. கேப்டன் குர்பிரீத் சிங் சந்து கோலில் நின்று தடுத்ததும், முன்னால் நின்றவர்கள் விட்டுக்கொடுக்காமல் அடைத்ததும் இன்றும் பேசப்படுகிறது. அக்டோபர் 15 அன்று கொல்கத்தாவில் எதிரில் வங்கதேசம். இப்போது உடைக்க வேண்டிய பக்கம் இந்தியாவுடையது. 42ஆவது நிமிடத்தில் வங்கதேசம் முந்திக்கொண்டது. 88ஆவது நிமிடத்தில், ஒரு கார்னரில் ஆதில் கான் தலையால் முட்டித்தான் 1-1 ஆனது. தடுக்கத் தெரிந்த அணிக்கு உடைக்கவும் தெரியும் என்று நினைத்துவிடக்கூடாது. இரண்டும் தனித்தனிப் பாடம்.

லிஸ்பனில் ஒரு நாள்

இந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஒரு பழைய ஆட்டம். 1967 மே 25, லிஸ்பன், ஐரோப்பியக் கோப்பை இறுதி. ஒரு பக்கம் மிலான் நகரத்தின் இன்டர். 1964, 1965 என்று அடுத்தடுத்துக் கோப்பை வாங்கிய அணி. ஹெலெனியோ ஹெரேராவின் கீழ், ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவைச் சாத்துவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. மறுபக்கம் ஸ்காட்லாந்தின் செல்டிக். அன்று களமிறங்கிய பதினொரு பேரும் கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்கள். கீரப்பாளையத்திலிருந்து கடலூர் போகும் தூரம், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். உள்ளூர்ப் பையன்களை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஏழாவது நிமிடத்திலேயே இன்டருக்குப் பெனால்டி, கோல். ஃபவுல் செய்தவர் செல்டிக்கின் வலது பேக் ஜிம் கிரெய்க். அதன் பிறகு இன்டர் முழுசாகப் பின்னால் போய்விட்டது. செல்டிக் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பத்தில் பட்டது, கோல்கீப்பர் சார்தி பறந்து பறந்து பிடித்தார். 63ஆவது நிமிடத்தில்தான் தடுப்பு உடைந்தது. அதே கிரெய்க் வலப்பக்கம் மேலேறி, பந்தைப் பாக்ஸின் விளிம்புக்குக் குறுக்கே தள்ளினார். பின்னாலிருந்து ஓடிவந்த டாமி ஜெம்மல் உதைத்த வேகத்தில் அது வலைக்குள் போய் விழுந்தது. ஜெம்மல் யார்? இடது பேக்.

பாஸ் கொடுத்தவரும் பேக், கோல் அடித்தவரும் பேக் என்பதில்தான் பாடம் இருக்கிறது. இன்டரின் தடுப்பு வீரர்கள் செல்டிக்கின் முன்கள வீரர்களை ஆளுக்கு ஆள் பிடித்து வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து தாமதமாக வருகிறவருக்கு என்று ஓர் ஆளை அவர்கள் ஒதுக்கியிருக்கவில்லை. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் ஜெம்மல் இடப்பக்கம் போய்ப் பந்தைப் பின்னோக்கித் தள்ள, பாபி மர்டாக் அடிக்க, கோலுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டீவ் சால்மர்ஸ் காலை நீட்டித் திசை மாற்றினார். 2-1. அதை அதிர்ஷ்டம் என்றவர்களும் உண்டு. ஆனால் விளிம்பிலிருந்து ஒருவர் அடிப்பதும், கோல் பக்கத்தில் நிற்பவர் அதற்குக் கால் வைப்பதும் அவர்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்துபார்த்த காரியம்.

சுண்ணாம்பு போட்டு ஆரம்பியுங்கள்

இனி உங்கள் மைதானம். பாக்ஸின் இரண்டு பக்கக் கோடுகளையும், கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் பக்கக் கோடுகளையும் நடுக்கோடு வரை நீட்டுங்கள். சுண்ணாம்புத் தூள் போதும், இல்லாவிட்டால் செங்கல் தூள். இப்போது ஐந்து பாதைகள் கிடைக்கும்: இரு ஓரங்களில் ஒவ்வொன்று, நடுவில் சுமார் 18 மீட்டர் அகலத்தில் ஒன்று, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் சுமார் 11 மீட்டர் அகலத்தில் இரண்டு. பேயர்ன் மியூனிக்கில் இருந்தபோது பெப் கார்டியோலாவும் பயிற்சி மைதானத்தில் இப்படிக் கட்டங்கள் போட்டு வைத்திருந்தார்.

விதி இரண்டே இரண்டு. தாக்கும்போது ஐந்து பாதையிலும் ஆள் இருக்க வேண்டும். ஒரே பாதையில், ஒரே வரிசையில் மூன்று பேர் நிற்கக்கூடாது. பையன்களுக்கு இது முதலில் பிடிக்காது. பந்து இருக்கும் பக்கம் ஓடுவதுதான் அவர்களுக்கு இயல்பு. இடப்பக்கம் பந்து இருக்கும்போது வலது ஓரத்தில் தனியாக நிற்கும் பையன், தன்னை ஆட்டத்தை விட்டே ஒதுக்கிவிட்டதாக நினைப்பான். அவன் அங்கே நிற்பதால்தான் எதிரணியின் ஒரு பேக் அவனை விட்டு வர முடியாமல் தவிக்கிறான் என்பதைப் பயிற்சியை நிறுத்தி, விரலை நீட்டிக் காட்டுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் கபடி போதும். ரைடர் இடது மூலையைத் தொடப் போவதுபோல் பாய்கிறார். கை கோத்து நிற்கும் சங்கிலி முழுவதும் அந்தப் பக்கம் இழுபடுகிறது. அந்த நொடியில் வலது மூலை தனியாகிவிடுகிறது. கால்பந்திலும் அந்த இழுப்பைத்தான் உண்டாக்க வேண்டும். வலப்பக்கம் நாலைந்து பேர் கூடிச் சின்னச் சின்ன பாஸ் கொடுத்து எதிரணியை அங்கே வரவழையுங்கள். வந்ததும் பந்தைப் பின்னால் நிற்கும் ஸ்டாப்பருக்குக் கொடுத்து, அங்கிருந்து ஒரே உதையில் இடது ஓரத்துக்கு மாற்றுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் பந்து இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போய்விட வேண்டும். மெதுவாகப் போனால் சங்கிலியும் கூடவே நகர்ந்துவிடும், செய்த வேலை வீண்.

கோல் கோடு வரை போ, பின்னால் தள்ளு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து உயரமாகத் தூக்கிப் போடும் கிராஸ், பின்னால் நிற்கும் அணிக்கு வரம். உயரமான ஸ்டாப்பர் நின்ற இடத்திலிருந்தே தலையால் வெளியே தள்ளிவிடுவார். பாக்ஸின் பக்கவாட்டில் புகுந்து கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போய், அங்கிருந்து தரையோடு பின்னோக்கித் தள்ளும் பந்து வேறு மாதிரி. பந்தைத் துரத்தும் தடுப்பு வீரர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் வருபவரை அவர்களால் பார்க்க முடியாது. பெனால்டி புள்ளியைச் சுற்றிய இடம் காலியாகிவிடும். பந்தைவிடப் பின்னால் இருப்பவருக்கு ஆஃப்சைடும் கிடையாது.

பயிற்சி இப்படி. விங்கர் அல்லது மேலேறும் பேக் கோல் கோடு வரை போகிறார். உள்ளே நால்வர். ஒருவர் அருகிலுள்ள கம்பத்துக்குப் பாய்கிறார், அவருக்குப் பந்து வருவது அரிது, ஆனால் ஸ்டாப்பரை இழுத்துக்கொண்டு போவது அவர் வேலை. இரண்டாமவர் அவரோடு இரண்டடி ஓடிவிட்டுப் பெனால்டி புள்ளியில் சட்டென்று நின்றுவிடுகிறார். மூன்றாமவர் தூரத்துக் கம்பத்துக்கு. நான்காமவர் பாக்ஸின் விளிம்பில், வளைவுக்குப் பக்கத்தில், ஜெம்மல் வந்த இடத்தில். வலப்பக்கம் ஐந்து முறை, இடப்பக்கம் ஐந்து முறை, ஆளை மாற்றி மாற்றி. முதல் வாரம் தடுப்பு ஆள் வேண்டாம். அடுத்த வாரம் இரண்டு பேரை நிறுத்துங்கள், பிறகு நான்கு. ஒரே ஒரு பந்து இருக்கும் பள்ளியிலும் இதைச் செய்யலாம். பந்து எடுக்கப் போகும் நேரத்தில் அடுத்த நால்வர் வரிசைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் கோச்சின் நாக்கு வேலை செய்ய வேண்டும். கோல் அடித்தவனைப் பாராட்ட ஊரே இருக்கிறது. அருகிலுள்ள கம்பத்துக்கு ஓடிப்போய்ப் பந்தே வாங்காமல் திரும்பி வந்தவனைப் பாராட்ட உங்களைத் தவிர யாரும் இல்லை. அவன் வந்து "எனக்குப் பாலே வரல சார்" என்பான். "வரலைன்னா என்னப்பா? நீ ஓடுன ஓட்டத்துல அவனோட ஸ்டாப்பர் உன் பின்னாடியே வந்துட்டான் பாரு. அந்த எடத்துலதான் கோல் விழுந்துச்சு" என்று எல்லார் காதிலும் விழும்படி, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். இதைத் தொடர்ந்து செய்தால் கொஞ்ச நாளில் அந்த ஓட்டத்துக்கு அணியில் போட்டி வந்துவிடும்.

இதற்கு அடுத்த படி மூன்றாம் ஆள். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஃபார்வேர்டுக்கு நடுக்கள வீரர் பந்தைக் கொடுக்கிறார். தடுப்பு வீரர்களின் கண் அந்த இருவர் மேல் இருக்கும். ஃபார்வேர்டு ஒரே தொடுதலில் பந்தைப் பக்கவாட்டில் வைக்க, வேறோர் ஆள் அதற்கு ஓடி வருகிறார். அவர் ஓடத் தொடங்க வேண்டியது முதல் பாஸ் கிளம்பும்போதே. இரண்டாவது பாஸைப் பார்த்துவிட்டு ஓடினால் நேரம் போய்விடும்.

பின்னால் யார் நிற்பது?

எல்லாரும் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜூன் 27, கசான். அடுத்த சுற்றுக்குப் போக நடப்புச் சாம்பியன் ஜெர்மனிக்கு வெற்றி தேவை. தென் கொரியா அடைத்து நின்றது. ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் கொரியா ஒரு கோல் அடித்தது. பதற்றத்தில் கோல்கீப்பர் மானுவேல் நோயரே மேலேறிவிட, பந்து பறிபோய், காலியான கோலுக்குள் சோன் ஹியுங்-மின் இரண்டாவதைத் தட்டிவிட்டார். 1938க்குப் பிறகு ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது அதுவே முதல்முறை.

ஆகவே தாக்கும் பயிற்சி நடக்கும்போதே, பந்து பறிபோனால் என்ன என்பதையும் சேர்த்தே பழக்குங்கள். அரை மைதானத்தில் தாக்க எட்டுப் பேர், தடுக்க ஆறு பேரும் கோல்கீப்பரும். நாளாக ஆகத் தடுப்பவர்களை ஏழு, எட்டு என்று கூட்டுங்கள். நடுக்கோட்டில் இரண்டு சின்ன வாசல்கள், செருப்பை வைத்துக்கூட அடையாளம் போடலாம். தடுப்பவர்கள் பந்தைப் பிடித்து அந்த வாசல் வழியாக அனுப்பிவிட்டால் அவர்களுக்கு ஒரு கோல். பின்னோக்கித் தள்ளிய பந்தில் வரும் கோலுக்கு இரண்டு. பந்து பறிபோன நொடியில் பக்கத்தில் இருப்பவர்கள் ஐந்து நொடி விடாமல் நெருக்க வேண்டும். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் எல்லாரும் பின்னால் ஓட வேண்டும்.

ஆட்டத்தில் குறைந்தது இரண்டு ஸ்டாப்பர்களும் ஒரு நடுக்கள வீரரும் பந்துக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரணி ஒரே ஓர் ஆளை முன்னால் விட்டு வைத்திருந்தாலும் அவருக்கு இருவர் காவல். வலது பேக் ஏறினால் இடது பேக் நிற்க வேண்டும் என்று செல்டிக்கின் கோச் ஜாக் ஸ்டெயினும் சொல்லித்தான் வைத்திருந்தார். அந்தச் சமன் கோல் விழுந்தபோது தான் அந்தக் கட்டளையை மீறி மேலே போயிருந்ததாக ஜெம்மலே பின்னாளில் சொன்னதுண்டு. ஜெம்மலுக்கு அது சரி. பதினான்கு வயதுப் பையன்களுக்கு ஸ்டெயினின் விதிதான் சரி என்பது என் கருத்து.

நின்ற பந்து

கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ. அடைத்து நிற்கும் அணி இவற்றை வாரி வழங்கும், ஏனென்றால் பந்தை வெளியே தள்ளுவதுதான் அதன் பிழைப்பு. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9, பெனால்டிகளையும் சேர்த்து, நின்ற பந்தில் வந்தவை. நம் பள்ளி அணிகள் கார்னரை யார் முதலில் ஓடிப்போய் எடுக்கிறாரோ அவரிடம் விட்டுவிடுகின்றன. வேண்டாம். வலப்பக்கத்துக்கு ஒருவர், இடப்பக்கத்துக்கு ஒருவர் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரண்டு விதம் போதும், நான்கைந்து வேண்டாம்.

த்ரோவில் நேராக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. இது நம் மைதானங்களில் பாதிப்பேருக்கு நினைவில் இருப்பதில்லை. நீளமாக எறியக் கூடிய ஒரு பையன் எல்லா வகுப்பிலும் இருப்பான். ஓட்டத்தில் பின்தங்குகிறான் என்று ஒதுக்கி வைத்திருப்போம். அவனைக் கண்டுபிடியுங்கள். பாக்ஸுக்குப் பக்கத்துத் த்ரோ ஒவ்வொன்றும் பாதி கார்னர்.

நம் மண்ணில்

புல் மைதானத்துக்கு எழுதிய பாடத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. கோடையில் தரை இறுகிப் பந்து எகிறும். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பந்து சேற்றில் நின்றுவிடும். தரை இறுகியிருக்கும்போது தரையோடு அடிக்கும் பாஸை நம்பலாம், வாங்குகிறவர் மட்டும் உடம்பைப் பந்துக்கு நேராக வைக்கப் பழக வேண்டும். சேறாக இருந்தால் பாக்ஸுக்குள் சின்ன பாஸை மறந்துவிடுங்கள். தூரத்திலிருந்து தாழ அடியுங்கள். ஈரப் பந்தைக் கோல்கீப்பர் நழுவவிடுவார். அந்த நழுவலுக்கு இருவர் ஓட வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். கடல் கிழக்கே பக்கத்தில்தான் இருக்கிறது. மதியத்துக்கு மேல் காற்று அங்கிருந்து வரும் நாட்களில், டாஸ் போடும் முன் காற்றைப் பார்த்து, எந்தப் பாதியில் எந்தப் பக்கம் வேண்டும் என்பதைக் கேப்டனிடம் சொல்லி அனுப்புங்கள்.

பள்ளி ஆட்டங்களின் நேரம் பெரியவர்கள் ஆட்டத்தைவிடக் குறைவு என்பதால் முதல் பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். எதிரணி தன் இடங்களில் உட்காரும் முன் நெருக்குங்கள். அவர்களுக்குக் கார்னர் கிடைத்தால் கவலைப்படாதீர்கள். அடைத்து நிற்கும் அணி வெளியே வரும் அபூர்வ நேரம் அதுதான். கோல்கீப்பர் பந்தைப் பிடித்த கையோடு ஓரத்துக்கு எறிந்துவிட வேண்டும். பிடித்துத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

இடைவேளையில் என்ன பேசுவது

0-0. பையன்கள் வந்து உட்காருகிறார்கள். முதலில் தண்ணீர் குடிக்கட்டும். நீங்கள் பேச வேண்டியது இரண்டு விஷயம், அதற்கு மேல் தலையில் ஏறாது. "அவங்க லெஃப்ட் பேக் களைச்சுட்டான், பந்தை அந்தப் பக்கம் மாத்துங்க." "கோல் கோடு வரைக்கும் போகாம கிராஸ் போடாதீங்க." இப்படி, செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். கோலைத் தவறவிட்ட பையனை அங்கே திட்டினால், இரண்டாம் பாதியில் அவன் பந்து வராத இடமாகப் பார்த்து நிற்பான். மாற்று ஆட்டக்காரர்களில் வேகமானவரை ஓரத்துக்கு அனுப்புங்கள். ஓடி ஓடித் தடுத்துக் களைத்த பேக்குக்கு எதிரில் புதுக் கால்கள் வந்து நின்றால் அவர் நிலை குலைந்துவிடும்.

வேலையாக இதை எடுத்துக்கொள்கிறவருக்கு

கோல் விழவில்லை என்றால் தலைமை ஆசிரியர் கேட்பார், கிளப் செயலாளர் கேட்பார், பெற்றோரும் கேட்பார்கள். "அதிர்ஷ்டம் இல்லை சார்" என்ற பதிலோடு யாரும் நெடுநாள் இந்த வேலையில் இருந்ததில்லை. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் நான்கு எண்ணிக்கை: பாக்ஸுக்குள் எத்தனை முறை பந்தோடு நுழைந்தோம், கோல் கோட்டிலிருந்து எத்தனை முறை பின்னோக்கித் தள்ளினோம், பாக்ஸுக்குள்ளிருந்து எத்தனை ஷாட், பந்து பறிபோய் எத்தனை முறை எதிரணி நம் பாதிக்குள் ஓடி வந்தது. விளையாடாத மாணவர் ஒருவர் கோடு போட்டே எண்ணிவிடலாம். பள்ளிக் கட்டடத்தின் மாடியிலிருந்து இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். தரையிலிருந்து பார்த்தால் கூட்டம் மட்டுமே தெரியும், மேலிருந்து பார்த்தால்தான் காலி இடம் தெரியும். தோற்ற ஆட்டத்திலும் முதல் மூன்று எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று எடுத்துக்காட்ட முடிந்தால், உங்களை நம்பி இன்னொரு வருடம் அணியைக் கொடுப்பார்கள்.

அந்த நோட்டு சான்றிதழ் வகுப்பிலும் உதவும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸில் ஏறி, பிறகு ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்று படிகள் போகின்றன. எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து விட்டுவிட மாட்டார்கள். ஒரு தலைப்பைக் கொடுத்து, மைதானத்தில் ஆட்களை நிறுத்திப் பயிற்சி நடத்திக் காட்டச் சொல்வார்கள். அடைத்து நிற்கும் தடுப்பை எப்படித் தாக்குவது என்பது அப்படிக் கேட்கக்கூடிய தலைப்புத்தான். பள்ளி வேலைக்கு உடற்கல்விப் பட்டம் வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. சென்னைக்குப் போக முடிந்தவருக்கு 1920இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. முழுநேரக் கோச் ஆக நினைப்பவர் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோவைக் குறிவைக்கலாம். அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதவர்களுக்கு அந்த நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பு உண்டு.

கடலூர் மாவட்டத்தில் இதற்கெல்லாம் ஆள் ஏது என்று நினைக்க வேண்டாம். 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய 7 அணிகளில் ஒன்று கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்கள். தமிழ்நாடு மகளிர் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறை தேசியப் பட்டம் வாங்கியது, 2023இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறை. உங்கள் ஒன்றியத்தில் பெண்கள் அணி இல்லாவிட்டால் நீங்களே ஆரம்பியுங்கள். மேலே சொன்ன பயிற்சி எதையும் அவர்களுக்காக மாற்ற வேண்டியதில்லை.

போட்டிக்கு முந்தைய வாரம்

திங்களன்று ஐந்து பாதை, பந்தை ஓரம் மாற்றுவது. செவ்வாய் கோல் கோட்டுப் பயிற்சி. புதன் எட்டுக்கு எட்டு, நடுக்கோட்டு வாசல்களோடு. அன்று தடுக்கும் அணிக்கு ஒரு கோல் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள், பத்து நிமிடத்தில் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். பின்தங்கியிருக்கும்போது பதறாமல் அதே பாஸைக் கொடுக்கப் பழகுவது இதில்தான். வியாழன் மூன்றாம் ஆள் ஓட்டமும் தூரத்து ஷாட்டும். காலை ஆறு மணிக்கு மைதானம் கபடிக்கும் வாலிபாலுக்கும் போகும் முன் கிடைத்தால், முக்கால் மணி நேரமே போதும்.

வெள்ளி, ஆட்டத்துக்கு முந்தின நாள், ஓட்டம் வேண்டாம். இரண்டு கார்னர், ஒரு த்ரோ, ஒவ்வொன்றும் பத்து முறை. பிறகு பெனால்டி. எதிரணி விரும்பும் இடத்துக்கே ஆட்டம் போய்விட்டாலும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வந்து, பந்தைத் தானே வைத்து, எந்த மூலை என்று முன்பே முடிவு செய்து அடிக்கட்டும். மற்றவர்கள் நடுக்கோட்டிலேயே நின்று சத்தம் போடட்டும். யார் யார் முதல் ஐந்து என்ற பட்டியலை அன்றைக்கே எழுதி, கேப்டனிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள்.